பறவைப் பாதுகாப்பு ஆராய்ச்சி, சுற்றுச்சூழல் உயிரியல் ஆசிரியப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைகளை ஆராய்வதும் சுற்றுச்சூழல் உயிரியல் பாடம் நடத்துவதும்தான் என் பிழைப்பு. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். மாணவர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், அவர்களுடைய பெற்றோர் இன்னொரு மாதிரி கேட்பார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும் என்பதால் எண் கொடுத்திருக்கிறேன்.

1. வாராவாரம் பைனாகுலரும் கையுமா பறவை பார்க்கப் போறேன். இதையே வேலையா செய்ய முடியுமா?

முடியும், ஆனால் அப்படியே இதையே அல்ல. பறவை பார்க்கப் போகிறவர் பறவை இருக்கும் இடமாகப் பார்த்துப் போவார். ஆய்வாளர் பறவை இல்லாத இடத்துக்கும் போக வேண்டும், அங்கே நின்று "எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். எங்கே நிற்பது என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே குலுக்கல் முறையில் முடிவு செய்திருப்போம். அந்தப் புள்ளி முட்புதருக்கு நடுவில் விழுந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும், நாலடி தள்ளி நல்ல நிழல் இருக்கிறதே என்று நகரக் கூடாது. பத்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் என்ன, எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொண்டு அடுத்த புள்ளிக்கு நடக்க வேண்டும். அபூர்வமான பறவை ஒன்று பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தாலும் நேரம் முடிந்தால் கிளம்பத்தான் வேண்டும். இதைச் சொன்னதும் முகம் வாடாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவரும்.

பாதுகாப்பு ஆராய்ச்சி நாலு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்: எத்தனை இருக்கிறது, குறைகிறதா, குறைந்தால் ஏன், என்ன செய்தால் நிற்கும். முதல் இரண்டிலேயே பலருடைய ஆயுள் போய்விடுகிறது. மூன்றாவதுதான் கஷ்டமானது.

2. எந்தப் பட்டம் படிக்கணும்? விலங்கியல் எடுக்காம விட்டா கதவு மூடிடுமா?

மூடாது. விலங்கியல், தாவரவியல், வனவிலங்கு உயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல் என்று எதிலிருந்தும் வரலாம். கால்நடை மருத்துவர்களும் புள்ளியியல் படித்தவர்களும் கணினிக்காரர்களும்கூட இதில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்போது நல்ல கிராக்கியும் இருக்கிறது. இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பதைவிட முதுநிலையில் ஒரு கேள்வியை எடுத்து ஒரு களப் பருவம் முழுக்க உழைத்து ஓர் ஆய்வேடு எழுதினீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பட்டமே இல்லாமல் முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள், உடனே பறவையியலாளர் சாலிம் அலியைக் காட்டுகிறார்கள். அவரிடம் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பது உண்மைதான். அந்தக் காரணத்துக்காகவே இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைக்காமல் போனது என்பதும், பிறகு பெர்லினுக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பறவையியலாளரிடம் தொழில் கற்றுக்கொண்டார் என்பதும் அதே கதையின் மீதிப் பாதி. பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியில் பாடம் நடத்த முதுநிலையும், பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும்.

3. எனக்குக் கணக்கே வராது, அதனாலதானே உயிரியல் எடுத்தேன்?

எல்லா ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். கணக்கு என்றால் நுண்கணிதத் தேற்றங்கள் அல்ல. புள்ளியியல் வேண்டும், அதுவும் ஏன் வேண்டும் என்று புரிந்து வேண்டும். காலையில் போய் ஒரு தோப்பில் முப்பது பறவைகளை எண்ணினீர்கள் என்றால் அங்கே இருப்பது முப்பதா? இல்லை, நீங்கள் கண்டுபிடித்தது முப்பது. இலை அடர்ந்த காலத்தில் பத்துப் பறவையில் நாலு கண்ணில் படலாம், இலை உதிர்ந்தபின் எட்டு படலாம். எண்ணிக்கை இரட்டிப்பானது போலத் தெரியும், ஆனால் ஒரு பறவைகூடக் கூடியிருக்காது. இந்தத் தப்பெண்ணத்திலிருந்து தப்பிக்கத்தான் கேள்வி 1-இல் சொன்ன "எவ்வளவு தூரத்தில்" என்ற குறிப்பு. தூரம் கூடக் கூட நாம் எவ்வளவு தவறவிடுகிறோம் என்று அதை வைத்துக் கணித்து, கண்ணில் படாதவற்றுக்கும் சேர்த்து ஒரு மதிப்பீடு சொல்ல முடியும்.

ஆர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். ஆனால் சொந்தமாகச் சேகரித்த எண்களை வைத்துக்கொண்டு கற்றால் எவருக்கும் வரும். கணக்கு வராது என்று சொன்ன எத்தனையோ பேர் பின்னால் அதிலேயே கெட்டிக்காரர்களானதைப் பார்த்திருக்கிறேன்.

4. உலகத்துல இருக்கிற பறவை எல்லாத்தையும் அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்கணுமா?

மொத்தம் சுமார் 11,000 வகைகள். யாருக்கும் தெரியாது. நீங்கள் வேலை செய்யும் வாழிடத்தில் இருப்பவை தெரிந்தால் போதும், ஆனால் அவை நன்றாகத் தெரிய வேண்டும், முக்கியமாகக் குரலில். காட்டுக்குள் எண்ணும்போது பதிவாவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தட்டுப்படாமல் காதில் மட்டும் விழுவது. கதிர்க்குருவிகளில் சிலவற்றை இலைக்கு நடுவில் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு, வாயைத் திறந்துவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

5. ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? காடு, கூடாரம், கேமரா?

களப் பருவத்தில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்திருக்க வேண்டும், பத்து மணிக்குள் காலை வேலை முடிந்துவிடும், பகலில் குறிப்புகளை ஒழுங்குபடுத்த வேண்டும், மாலையில் மறுபடி ஒரு சுற்று. நோட்டில் பென்சிலால்தான் எழுதுவோம், ஈரம் பட்டால் மை கரைந்துவிடும். அன்றைய எண்களை அன்று இரவே கணினியில் ஏற்றிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் "இது 7-ஆ 1-ஆ" என்று நம் கையெழுத்தே நமக்குப் புரியாது.

ஆனால் இது ஆண்டில் சில மாதங்கள்தான். மீதி நாளெல்லாம் மேசை. அனுமதிக் கடிதம், நிதி கேட்டு விண்ணப்பம், தரவைச் சுத்தம் செய்வது, கட்டுரை எழுதுவது, திருத்தச் சொல்லித் திரும்பி வந்த கட்டுரையை மறுபடி எழுதுவது. கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு அலைகிற ஆய்வாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

6. பறவையைப் பிடிச்சு கால்ல வளையம் மாட்டுறீங்களே, பாவம் இல்லையா?

நியாயமான கேள்வி, கேட்காதவர்களைவிடக் கேட்பவர்கள்தான் நல்ல ஆய்வாளர்களாவார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வலையில் பறவை விழும். குறுகிய இடைவெளியில் வலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மழையோ கடும் வெயிலோ வந்தால் சுருட்டிவிட வேண்டும். எடுத்த பறவையைத் துணிப்பையில் போட்டால் இருட்டில் அமைதியாகிவிடும், பையோடு எடை போடலாம். பிறகு அதன் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வரும்படி, முதுகு உள்ளங்கையில் படியும்படி பிடித்துக்கொண்டு வளையத்தை மாட்டுவோம். மார்பு இறகுகளை வாயால் மெல்ல ஊதி விலக்கினால் தோல் தெரியும். தொண்டைக் குழியில் மஞ்சளாகக் கொழுப்பு நிறைந்திருந்தால் அது வலசைக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். இறக்கை நீளத்தை அளந்து, உள்ளங்கையைத் திறந்தால் போய்விடும். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். பயிற்சியும் உரிமமும் இல்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது. முதுகில் பொருத்தும் கருவிகளுக்கு உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வழக்கம் நெடுநாளாக இருக்கிறது, அதையும் போதாது என்று இன்னும் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? 1956-இல் பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் சாண்ட்லர் ராபின்ஸ் என்பவர் ஒரு லேசான் ஆல்பட்ராஸுக்கு வளையம் மாட்டினார். 2002-இல் அதே தீவில் அதே பறவையை அவரே மறுபடி பிடித்தார். விஸ்டம் என்று பெயரிடப்பட்ட அந்தப் பறவை 2024-இன் இறுதியில்கூட முட்டையிட்டது, வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வளையம் இல்லாவிட்டால் ஒரு கடற்பறவை இவ்வளவு காலம் வாழும் என்று யார் நம்பியிருப்பார்கள்? இன்னொன்று, 2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன் 11 நாள் எங்கும் இறங்காமல் டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவிதான் காட்டிக்கொடுத்தது. அதுவும் பழகிய பெரிய பறவை அல்ல, பறக்கத் தெரிந்து சில மாதங்களே ஆன இளம் பறவை அது.

7. கழுகு செத்தா மனுஷனுக்கு என்னங்க நஷ்டம்? என் பையன் இதைப் படிச்சு யாருக்கு என்ன லாபம்?

பெற்றோர் கேட்பது. நான் பாறு கழுகுகளின் கதையைச் சொல்வேன். 1990-களில் தெற்காசியாவில் இவை கொத்துக் கொத்தாகச் செத்தன, வெண்முதுகுப் பாறு கழுகு சுமார் பதினைந்து ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நோய்க்கிருமி என்று சந்தேகித்தார்கள், பூச்சிக்கொல்லி என்று சந்தேகித்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளை வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது, அதாவது சிறுநீரகம் செயலிழந்திருந்தது. 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் செய்த ஆய்வில் விடை வந்தது: மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குள் போயிருக்கிறது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது, மாற்றாக மெலாக்ஸிகாம் வந்தது.

நஷ்டம் என்ன என்ற கேள்விக்கு 2024-இல் இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கழுகுகள் இல்லாமல் போனதால் பிணங்கள் அழுகி, தண்ணீர் கெட்டு, நாய்கள் பெருகி, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று. அதைக் கண்டுபிடிக்கக் கழுகு எண்ணியவர், பிணம் அறுத்தவர், வேதியியல் பார்த்தவர், பொருளாதாரம் தெரிந்தவர் என எல்லாரும் வேண்டியிருந்தது. உங்கள் பையன் அதில் ஒருவராக இருக்கலாம்.

8. சரி, வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

கிடைக்கும், ஆனால் மெதுவாக, துண்டு துண்டாக. ஆரம்பத்தில் எல்லாமே திட்டத்தோடு முடிகிற வேலைகள்: ஆறு மாதம் களப் பணியாளர், ஓராண்டு திட்ட உதவியாளர். ஒரு திட்டம் முடியும்போதே அடுத்ததைத் தேட வேண்டும். நிரந்தர இடங்கள் பல்கலைக்கழகம், அரசு ஆய்வு நிறுவனம், வனத்துறை, பெரிய தொண்டு அமைப்புகள் ஆகியவற்றில் உண்டு, எண்ணிக்கை குறைவு. அதே படிப்பு படித்து வேறு துறைக்குப் போனவர்கள் அளவுக்குச் சம்பாதிக்க மாட்டீர்கள். சம்பளம் இல்லாமல் "அனுபவம் கிடைக்கும்" என்று அழைக்கும் வேலைகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்வேன்: குறுகிய பயிற்சி என்றால் சரி, ஒரு பருவம் முழுக்க உங்கள் உழைப்பில் தரவு சேர்க்கிறார்கள் என்றால் அது பயிற்சி அல்ல. வீட்டில் பணம் இருப்பவர்கள் மட்டுமே நுழையக்கூடிய துறையாக இதை ஆக்கிவிட்டதே அந்தப் பழக்கம்தான்.

9. ஆராய்ச்சி கிடைக்கலன்னா வாத்தியார் வேலைக்குப் போயிடலாம்னு சொல்றாங்களே?

அப்படிச் சொல்பவர்கள் பாடம் நடத்திப் பார்த்ததில்லை. ஆராய்ச்சியில் தோற்றால் ஒதுங்குகிற இடம் அல்ல வகுப்பறை, அதற்குத் தனி ஆர்வம் வேண்டும். பறவைகளுக்கு முறையாக வளையம் மாட்டும் வழக்கத்தைத் தொடங்கிய ஹான்ஸ் மார்ட்டென்சன் டென்மார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியர். 1899-இல் அலுமினிய வளையத்தில் எண் பொறித்து மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகள் 165-க்கு மாட்டினார், உலகம் முழுக்க இன்று நடப்பது அதன் தொடர்ச்சிதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும், நான் செய்கிறேன், ஆனால் நேரம் எப்போதும் இடிக்கும். பறவைகள் கூடு கட்டும் நேரமும் தேர்வு நேரமும் ஒன்றாக வந்து நிற்கும், தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னால் இரண்டு தரப்பும் கேட்காது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு நீண்டகால ஆய்வை வைத்துக்கொள்வது இதற்கு நல்ல வழி. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947-இலிருந்து பட்டாணிக் குருவிகளின் கூட்டுப் பெட்டிகளைப் பார்த்து வருகிறார்கள். வசந்தம் சூடாகச் சூடாகக் குருவிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக முட்டையிடத் தொடங்கிவிட்டது அப்படித்தான் தெரிய வந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வருவார்கள் போவார்கள், பெட்டிகள் அங்கேயே இருக்கும்.

10. சுற்றுச்சூழல் பாடம்னாலே போர் அடிக்குது, மனப்பாடம்தான். எப்படி நடத்துறீங்க?

உணவு வலைப் படத்தைப் பலகையில் வரைந்தால் போர் அடிக்கத்தான் செய்யும். நான் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பறவை எண்ணச் சொல்வேன். இரண்டு குழுவின் எண்களும் ஒத்துப்போகவே போகாது. "நீ தப்பு, நான் சரி" என்று சண்டை வரும். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் கேள்வி 3-இல் சொன்னதை ஆரம்பிப்பேன், அதற்கப்புறம் யாரும் தூங்குவதில்லை.

இன்னொரு வழி, விடையைச் சொல்லாமல் புதிரை மட்டும் கொடுப்பது. பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைகின்றன, ஏன்? மாணவர்கள் ஊகிப்பார்கள், நான் ஒவ்வொரு துப்பாக விடுவேன். டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை எடை போட்டுப் பார்த்து, 1940-களின் இறுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதை 1967-இல் காட்டினார். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்ததும் அதே காலம். யாரோ பொழுதுபோக்குக்காகத் திருடிச் சேர்த்த முட்டைகள் இப்படிச் சாட்சி சொல்லும் என்று யார் நினைத்திருப்பார்கள்! இதைக் கேட்ட மாணவனுக்கு, உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக நஞ்சு கூடிக்கொண்டே போவதைக் குறிக்கும் உயிர்வழிப் பெருக்கம் என்ற சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

11. முனைவர் பட்டத்துக்கு நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? பெரிய பேர் இருந்தா போதுமா?

போதாது. அவருடைய இப்போதைய மாணவர்களோடும் முடித்துப் போனவர்களோடும், முக்கியமாகப் பாதியில் விட்டுப் போனவர்களோடும் தனியாகப் பேசுங்கள். மாணவர் முதல் ஆசிரியராகக் கட்டுரைகள் வந்திருக்கின்றனவா, களத்தில் உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் வருவார்கள், சேகரித்த தரவு யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவரிடம் சேராதீர்கள். பறவையை முதலில் முடிவு செய்துவிட்டு ஆளைத் தேடுவதைவிட ஆளை முடிவு செய்துவிட்டுப் பறவையைத் தேடுவது மேல்.

12. பொண்ணுங்க தனியா களத்துக்குப் போறது சரியா வருமா?

ஆண்களும் தனியாகப் போகக் கூடாது என்பதுதான் என் பதில். இருவராகப் போவது, எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, குறித்த நேரத்துக்குத் தகவல் வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பது எல்லாருக்கும் பொது. அது போக, களத்தில் பெண்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் விலங்குகளால் அல்ல, சில நேரம் சொந்தக் குழுவிலிருந்தே வருகிறது. புகாரை யாரிடம் கொடுப்பது என்பது எழுத்தில் இல்லாத திட்டத்தில் சேர வேண்டாம்.

13. போனை நீட்டினா பறவை பேரைச் சொல்லிடுது. இனி ஆளு எதுக்கு?

மெர்லின் போன்ற செயலிகள் நிஜமாகவே நன்றாக வேலை செய்கின்றன, ஒலிப்பதிவுக் கருவிகளை மாதக்கணக்கில் காட்டில் விட்டுவிட்டுக் கணினியை வைத்துப் பிரித்தெடுக்கவும் முடிகிறது. கேள்வி 1-இல் சொன்ன நாலில் முதல் கேள்விக்கு இது பெரிய உதவி. ஆனால் குரல் கேட்டதை வைத்து எத்தனை பறவை என்று சொல்வது இன்னும் சிக்கல்தான், ஒன்றே பத்துத் தடவை கூவியிருக்கலாம். செயலி தவறாகச் சொன்னால் கண்டுபிடிக்கவும் பறவை தெரிந்த ஆள் வேண்டும். மூன்றாவது நான்காவது கேள்விக்குப் போன் உதவாது.

14. பொதுமக்கள் பதிவு செய்யறதை எல்லாம் நம்பலாமா? பாதி பேர் காக்காவையே தப்பா சொல்றாங்க.

ஒவ்வொரு பதிவையும் தனியாக எடுத்தால் தவறு இருக்கும். லட்சக்கணக்கில் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்த எல்லாவற்றையும் எழுதினார்களா என்ற விவரமும் இருந்தால் அந்தத் தவறுகளைச் சமாளிக்கலாம். 2002-இல் தொடங்கிய ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளம் இதைத்தான் கேட்கிறது. வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்ற 2019 ஆய்வு பெரும்பாலும் தன்னார்வலர்கள் எண்ணியதை வைத்து எழுதப்பட்டது. அதில் முக்கியமான கணக்கெடுப்பை 1966-இல் தொடங்கியவர், கேள்வி 6-இல் ஆல்பட்ராஸுக்கு வளையம் மாட்டினாரே, அதே சாண்ட்லர் ராபின்ஸ்தான். சில பேர் ஒரே வாழ்க்கையில் எப்படித்தான் இவ்வளவு செய்கிறார்களோ!

15. இத்தனை ஆராய்ச்சி செஞ்சும் பறவை குறைஞ்சுக்கிட்டேதானே போகுது?

மொத்தமாகப் பார்த்தால் ஆமாம். தனித்தனியாகப் பார்த்தால் வேறு. 1974-இல் மொரீஷியஸ் வல்லூறு காட்டில் நாலே நாலுதான் மிஞ்சியிருந்தன. முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்தால் தாய் மறுபடி முட்டையிடும் என்பதைப் பயன்படுத்தி, கார்ல் ஜோன்ஸும் மற்றவர்களும் அதைச் சில நூறு வரை கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவை 1982-இல் 22 ஆகக் குறைந்து, 1987-இல் கடைசிப் பறவையையும் காட்டிலிருந்து பிடித்துக் கூண்டில் பெருக்கி மறுபடி விட்டார்கள்.

ஆனால் காண்டோர் கதை முடியவில்லை. வேட்டைக்காரர்கள் சுட்டு விட்டுப்போன விலங்குகளைத் தின்று, அவற்றில் இருக்கும் குண்டுத் துகள்களால் ஈய நஞ்சு ஏறுகிறது, அவ்வப்போது பிடித்து ரத்தம் சோதித்து வைத்தியம் பார்த்துத் திரும்ப விட வேண்டியிருக்கிறது. ஏன் குறைந்தது என்று தெரிவது ஒன்று, அந்தக் காரணத்தை அகற்றுவது இன்னொன்று. இரண்டாவதற்குச் சட்டம், தொழில், பழக்கம் எல்லாம் மாற வேண்டும், அங்கே உயிரியலாளர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அளவோடுதான்.

16. ஒரு திட்டத்துக்கு ஆய்வறிக்கை எழுதித் தரச் சொல்லிப் பணம் கொடுக்கிறாங்க, ஆனா "பாதிப்பு இல்லை"ன்னு எழுதணும்னு ஜாடையா சொல்றாங்க. என்ன பண்றது?

களத்துக்கு வந்து சில ஆண்டுகளில் இது கட்டாயம் வரும். நேரடியாகப் பொய் எழுதச் சொல்ல மாட்டார்கள். வலசைப் பறவைகள் வந்து சேரும் முன்பே கணக்கெடுப்பை முடித்துவிடச் சொல்வார்கள், அல்லது நடுப்பகலில் இரண்டு நாள் பார்த்தால் போதும் என்பார்கள். பார்த்ததை எழுதினால் அறிக்கை உண்மையாகத்தான் இருக்கும், பறவையும் இருக்காது. பொய்யே இல்லாமல் ஒரு சதுப்பு நிலத்தைக் காலியாகக் காட்டும் வழி இது.

அதனால் பேரம் பேச வேண்டியது முடிவைப் பற்றி அல்ல, முறையைப் பற்றி, அதுவும் ஒப்பந்தம் போடும் முன்பே. எந்த மாதங்கள், எந்த நேரம், எத்தனை புள்ளிகள், மூலத் தரவு யாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டவர்கள், எந்தத் தேதியில் எந்த நேரத்தில் பார்த்தோம், எந்தப் பருவத்தில் பார்க்கவில்லை, அதனால் எந்தெந்த வகைகளைப் பற்றி இந்த அறிக்கை எதுவும் சொல்ல முடியாது என்பதை, பின்னிணைப்பில் ஒளிக்காமல், சுருக்கம் வரும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை நீக்கச் சொன்னால் உங்கள் பெயரையும் நீக்கச் சொல்லுங்கள், மின்னஞ்சலில்.